ஹிக்கரியில் குமாரு

கையெழுத்து என்றால் புகழ் பெற்றவரிடம் வாங்குவதுதான் உலக வழக்கம். புகழ் பெறப் போகிறவரிடம் முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொண்டால் கூட்டமும் இருக்காது, செலவும் குறைச்சல் என்று கண்டுபிடித்தவன் என் நண்பன் ஆடிட்டர். அவன் ஆடிட்டர் இல்லை, மென்பொருள் சோதிக்கிறவன். ஓட்டலில் நாலு பேராகச் சாப்பிட்டால் பில்லின் பின்பக்கத்தில் யார் எத்தனை வடை தின்றார்கள் என்று குறித்து வைக்கிறவனுக்கு வேறென்ன பெயர் வைப்பது?

நாங்கள் இருப்பது வட கரோலினா மாநிலத்தின் கேரி நகரத்தில். தடுக்கி விழுந்தால் ஒரு தமிழர் மேல்தான் விழவேண்டியிருக்கும். அவரும் பெரும்பாலும் மென்பொருள் சோதிக்கிறவராகவே இருப்பார். இந்த ஊரில் பேஸ்பால் பார்க்கப் போகிற தமிழர்களில் ஒரு சாரார் அலுவலகம் கொடுத்த ஓசி டிக்கெட்டுக்குக் கட்டுப்பட்டவர்கள். மற்றவர்களைப் பிள்ளைகள் இழுத்துக்கொண்டு வந்திருப்பார்கள். ஆடிட்டர் இரண்டிலும் சேர மாட்டான். அவன் முதலீட்டாளர்.

அவனைச் சொல்லியும் குற்றமில்லை. பேஸ்பாலின் ஏற்பாடே அப்படி ஆசை காட்டும். மேலே பெரிய லீகில் முப்பது அணிகள். ஒவ்வொன்றுக்கும் கீழே சிங்கிள் ஏ, ஹை ஏ, டபுள் ஏ, டிரிபிள் ஏ என்று நாலு படி. பள்ளிக்கூடமோ கல்லூரியோ முடித்த பையனைப் பிடித்து, சின்ன ஊர் ஒன்றில் கீழ்ப்படியில் விடுவார்கள். ஏறுகிறவன் ஏறுவான். ஏறாதவன், அதாவது பெரும்பாலானவன், ஏதோ ஒரு படியில் சில வருஷம் உட்கார்ந்திருந்துவிட்டு ஊருக்குப் போய் இன்சூரன்ஸ் விற்பான். 2021இல் சீரமைப்பு என்று சொல்லி 160 அணிகளை 120 ஆகக் குறைத்தார்கள். அப்படியும் எங்கள் மாநிலத்துக்குப் பத்து மிஞ்சின.

அந்த அணிகளுக்குப் பெயர் வைத்தவர்கள் எந்த உயிரையும் விட்டுவைக்கவில்லை. ஜெபுலானில் அப்போது இருந்த அணி கெளுத்திமீன். கிரீன்ஸ்பரோ வெட்டுக்கிளி. ஃபயட்வில் மரங்கொத்தி. ஹிக்கரி அணியின் பெயர் கிராடாட்; இறாலுக்கும் நண்டுக்கும் நடுவாந்தரமான ஒரு நன்னீர்ப் பிராணி. வின்ஸ்டன்-சேலம் அணிக்குப் பிராணி கிடைக்கவில்லை போலிருக்கிறது. ஊர்ப்பெயரின் நடுவில் கிடந்த சிறுகோட்டையே எடுத்து ‘டாஷ்’ என்று வைத்துவிட்டார்கள்.

ஆடிட்டரின் வேதவாக்கு மைக் பியாசா. 1988இல் பெரிய அணிகள் ஆளெடுத்தபோது 1,389 பேரை எடுத்து முடித்த பிறகு, 62ஆவது சுற்றில், குடும்ப நண்பர் டாமி லசோர்டாவின் சிபாரிசில் போனால் போகிறது என்று எடுக்கப்பட்ட பையன். 2016இல் பேஸ்பாலின் புகழ்மண்டபத்தில் இடம் பிடித்தார். “சிபாரிசுல வந்தவன்டா! அப்ப அவன்கிட்ட கையெழுத்து கேக்க ஒரு ஈ காக்கா இருந்திருக்காது. அந்த ஈயா நாம இருந்திருக்கணும்” என்பான் ஆடிட்டர்.

இந்த நிலையில்தான் 2023 ஏப்ரலில் அவனுக்குக் குமார் கிடைத்தார்.

குமார் ராக்கர். டெக்சஸ் ரேஞ்சர்ஸ் அணி 2022இல் நாட்டிலேயே மூன்றாவது ஆளாகப் பொறுக்கியெடுத்த பந்துவீச்சாளர். அப்பா டிரேசி ராக்கர் அமெரிக்கக் கால்பந்தில் பெரிய பெயர். அம்மா இந்திய வம்சாவளி. 2019இல் கல்லூரி ஆட்டம் ஒன்றில் எங்கள் பக்கத்து டியூக் பல்கலைக்கழக அணிக்கு எதிராக 19 ஸ்ட்ரைக்அவுட் எடுத்து, ஒரு ஹிட்கூடக் கொடுக்காமல் அனுப்பியவர். இந்த விவரங்களில் பாதி ஆடிட்டருக்குப் புரியவில்லை. பெயர் புரிந்தது, போதாதா? “குமார்டா! நம்ம தெருவுல எத்தனை குமார்! அதுல ஒருத்தன் மூணு மணி நேரத் தூரத்துல, ஹிக்கரியில பந்து போடறான். நாம போகலன்னா யார் போவா?”

உடனே போகவில்லை. விடுப்பு, வார இறுதி, ஆட்டங்கள் உள்ளூரில் நடக்கிற தேதி எல்லாம் கூடிவர வேண்டும். இந்த லீகுகளில் செவ்வாய் முதல் ஞாயிறு வரை ஒரே ஊரில் ஒரே எதிரணியோடு ஆறு ஆட்டம் ஆடுவார்கள். திங்கட்கிழமை பஸ்ஸுக்கும் பயலுகளுக்கும் ஓய்வு. ஆடிட்டர் எக்செல் விரித்து, ஜூன் மாதத்தில் ஒரு வியாழன் தொடங்கி ஞாயிறு வரை கிரீன்ஸ்பரோ, ஹிக்கரி, ஆஷ்வில், கன்னாபொலிஸ் என்று பாதை போட்டான். முதல் மூன்று ஊரும் ஐ-40 நெடுஞ்சாலையில் மணி கோத்த மாதிரி வரிசையாக இருக்கின்றன.

வண்டி ஓட்ட மச்சான் வந்தான். ஆடிட்டரின் மனைவியுடைய தம்பி. கரூர்க்காரன். ஊரெல்லாம் அவனை மச்சான் என்றே கூப்பிடும், ஆடிட்டர் மட்டும் மாப்ளே என்பான். ஆலோசகராக என் பக்கத்து வீட்டுக்காரர் வந்தார். அமெரிக்கத் தபால்துறையில் ஓய்வு பெற்றவர். கராஜில் கார் நிறுத்த இடமில்லாமல் பைண்டர் பைண்டராகக் கையெழுத்து போட்ட பேஸ்பால் அட்டைகள் வைத்திருக்கிறார். இந்தக் கலையில் ஊறியவர்களைக் கிராஃபர் என்பார்கள். எங்கள் தபால்காரர் அதில் பீடாதிபதி.

ஐ-40 ஏறியதுமே பாடம் தொடங்கிவிட்டது. அட்டையில் ஷார்ப்பி பேனா, பந்தில் நீல பால்பாயின்ட் பேனா. மாற்றிப் பிடித்தால் ஷார்ப்பி மை தோலில் ஊறிப் பரவி, சில வருஷத்தில் கையெழுத்து மூக்குப்பொடி மட்டை மாதிரி ஆகிவிடும். பளபள அட்டை என்றால் முன்னதாகவே அழிப்பானால் லேசாகத் தேய்த்து மெருகை எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் மை முத்து முத்தாக நின்றுவிடும். பந்தில் இரண்டு தையல்களும் நெருங்கி வருகிற குறுகிய இடத்துக்கு ஸ்வீட் ஸ்பாட் என்று பெயர். ஒருவர் மட்டும் போடுகிற பந்தில் அங்கேதான் போட வேண்டும். பலர் போடுகிற பந்தில் அந்த இடம் மேலாளருக்கோ பெரிய ஆளுக்கோ.

“குமாருக்கு” என்றான் ஆடிட்டர், புதுப் பந்தைத் துணியில் சுற்றியபடி.

“அன்று பந்து போடப் போகிற பிட்சரிடம் பேச்சே கொடுக்கக் கூடாது. சின்னப் பிள்ளைகள் வந்தால் வழிவிட்டு நிற்க வேண்டும். பையனைப் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். ‘ஏய், பதினேழு!’ என்றால் அவன் திரும்ப மாட்டான், நானாக இருந்தாலும் திரும்ப மாட்டேன்” என்றார் தபால்காரர். பிறகு, தயங்கி, “உங்கள் பெயரையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள். விற்கப் போகிறவன் இல்லை என்று தெரிந்தால் சந்தோஷமாகப் போடுவான்” என்றார்.

பெயர் எழுதினால் மறுவிற்பனை விலை பாதியாகிவிடுமே என்று ஆடிட்டர் முகம் வாடியது. அதோடு அவன் பெயர் ஞானசேகரன். அந்தப் பெயரை வேலிக்கு அப்பால் நிற்கிற டெக்சஸ் பையனுக்கு எழுத்துக்கூட்டி முடிப்பதற்குள் ஆட்டமே முடிந்துவிடும். பின்னால் நடந்ததும் அதுதான். கிரீன்ஸ்பரோவில் ஒரு பையன் பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இரண்டு தடவை கேட்டான், மூன்றாவது தடவை கேட்க நாகரிகம் இடம் கொடுக்கவில்லை போலும், ‘ஜிக்கு’ என்று எழுதிக் கொடுத்துவிட்டான்.

தபால்காரரிடம் மைக்கேல் ஜோர்டன் கதை ஒன்று உண்டு. கூடைப்பந்தின் சக்கரவர்த்தி 1994இல் திடீரென்று பேஸ்பால் ஆட வந்து, பர்மிங்ஹாம் பேரன்ஸ் என்ற டபுள் ஏ அணியில் சேர்ந்தார். 127 ஆட்டம், சராசரி .202, மூன்றே ஹோம் ரன். நம்ம கிரிக்கெட் கணக்கில் சொன்னால், வாலாட்டக்காரர். ஆனாலும் ஊர் ஊராகத் திருவிழாக் கூட்டம். ஜெபுலான் அணி அப்போது அதே லீகில் இருந்தது. தபால்காரரும் பையை எறிந்துவிட்டு அங்கே ஓடினார்.

“கிடைச்சுதா?” என்றான் மச்சான்.

“நூறு கை தாண்டி அவருடைய முழங்கையைப் பார்த்தேன். பக்கத்தில் அந்த அணியின் மேலாளர் சும்மா நின்றுகொண்டிருந்தார். அவரிடம் ஒருவரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.” கொஞ்சம் நிறுத்தி, “டெர்ரி ஃபிராங்கோனா” என்றார்.

எங்கள் மூவருக்கும் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாததைப் பார்த்து அவரே விளக்கினார். அந்த ஃபிராங்கோனாதான் 2004இல் பாஸ்டன் ரெட் சாக்ஸ் அணியின் மேலாளராக, 86 வருஷமாகக் கிடைக்காத கோப்பையை வாங்கிக் கொடுத்தவர். ஆடிட்டர் நெற்றியில் அடித்துக்கொண்டான். இழந்தது தபால்காரர்தான், ஆனால் கணக்கு யாருடையதானாலும் நஷ்டத்தை அவனால் தாங்க முடியாது.

கிரீன்ஸ்பரோவில் நுழைந்ததும் என் நம்பிக்கை குலைந்தது. இந்த ஊரின் மிகப் பெரிய நட்சத்திரம் ஒரு நாய் என்றார்கள். மிஸ் பேப் ரூத் என்ற கறுப்பு லாப்ரடார். அடித்தவன் போட்டுவிட்டு ஓடுகிற மட்டையைக் கவ்விக்கொண்டு வருவது, நடுவருக்குப் பந்து வாளி சுமப்பது என்று பல வருஷம் வேலை பார்த்தது. அது சுமந்த வாளி கூப்பர்ஸ்டவுன் புகழ்மண்டபத்துக்குப் போயிருக்கிறது. அதன் குடும்பத்து நாய்களும் அதே உத்தியோகத்துக்கு வந்தன. வாரிசு வேலை அங்கேயும் உண்டு என்பதில் எனக்கு ஒரு நிம்மதி.

ஹோம் பிளேட்டுக்குப் பின்னால் எங்களுக்கு நல்ல இடம். பக்கத்தில் இரண்டு நெடிய பையன்கள், ஒருவன் மடியில் குறிப்பு அட்டை, ஒருவன் கையில் வேகம் அளக்கும் ராடார் துப்பாக்கி. ஆடிட்டர் அவர்களைச் சக கணக்கர்களாக எண்ணிச் சிநேகம் கொண்டாடினான். தன் நாச்சோஸ் தட்டைக் கொஞ்ச நேரம் பிடிக்கச் சொல்லிவிட்டு, கம்பியோரம் போய் யாரோ ஒருவனிடம் “சார், சார்” என்று கெஞ்சி ஒரு கிறுக்கல் வாங்கி வந்தான். சார் என்று கூப்பிடப்பட்டவனுக்குப் பத்தொன்பது வயது இருக்கும். தன் அப்பா வந்து நிற்கிறாரோ என்று பின்னால் திரும்பிப் பார்த்தான், பாவம்.

மூன்று இன்னிங்ஸ் கழித்துத்தான் தபால்காரர் காதில் சொன்னார். அன்று பந்து போடாத பிட்சர்களை இப்படி உட்கார வைத்து ஒவ்வொரு பந்தையும் குறிக்கச் சொல்வது சின்ன லீக் வழக்கம். நாச்சோஸ் பிடித்தவன் நேற்று ஆறு இன்னிங்ஸ் போட்டவன். ஆடிட்டர் பதறி அட்டையை நீட்ட, பையன் சீஸ் ஒட்டிய கட்டை விரலோடு கையெழுத்துப் போட்டுக் கொடுத்தான். அந்தச் சீஸ் ரேகையால் விலை கூடுமா குறையுமா என்ற விவாதம் விடுதியில் படுக்கிற வரைக்கும் ஓடியது.

மச்சானுக்கு வேறு மனக்குறை. 2022 முதல் இந்த லீகுகளில் பிட்ச் கிளாக் வந்து, ஆட்ட நேரம் சராசரியாக இருபத்தைந்து நிமிஷம் குறைந்துவிட்டது. பிட்சர் தொப்பியைச் சரிசெய்து, மண்ணை உதைத்து, வானத்தைப் பார்த்து நின்ற பொற்காலம் போயிற்று. “வேர்க்கடலை பொட்டலம் பாதியில நிக்கும்போதே மேட்ச் முடிஞ்சுபோகுதுங்க மாமா. காசு அதேதான வாங்கறாங்க?” என்றான். நியாயமான கேள்வி என்றே இன்றுவரை நினைக்கிறேன்.

சம்பளக் கதையும் அந்த இரவில்தான் வந்தது. இந்தப் பையன்கள் 2022இல் சங்கத்தில் சேர்ந்து, 2023இல் முதல் ஒப்பந்தம் போட்டார்கள். அதன்படி சிங்கிள் ஏ ஆட்டக்காரருக்கு ஆண்டுக்குக் குறைந்தது 26,200 டாலர், ஹை ஏ என்றால் 27,300. அதற்கு முந்தைய வருஷம் சிங்கிள் ஏ சம்பளம் 11,000தான். மேலே பெரிய லீகில் அதே 2023இல் கடைசி நாற்காலியில் உட்கார்ந்திருப்பவனுக்குக்கூட 7,20,000. ஆடிட்டர் விரல் விட்டு எண்ணிப் பார்த்துவிட்டு, “நம்ம ஆபீஸ் இன்டர்ன் இதைவிட ஜாஸ்தி வாங்கறான். அவன்கிட்ட யாருமே கையெழுத்து கேக்கறதில்ல” என்றான். அவன் அளவில் அது பெரிய மனிதாபிமானம்.

மறுநாள் ஹிக்கரி. நாற்காலி, மேஜை, சோபா செய்கிற ஊர். ஊரெல்லையிலிருந்தே மச்சான் தொண்டையைச் செருமத் தொடங்கிவிட்டான். “குமாரூ!” என்று எந்த சுருதியில் கூப்பிட்டால் மைதானத்தின் மறுகோடிக்குக் கேட்கும் என்று கரூர் ஞாபகத்தில் ஒத்திகை. கூடவே வெள்ளை அட்டையில் பெரிய தமிழ் எழுத்தில் ஒரு பதாகை: ‘குமாரு, கரூர் உன் பக்கம்’. கரூருக்கும் குமார் ராக்கருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன். “கரூருக்கும் ஹிக்கரிக்கும் என்ன சம்பந்தம்? நான் வரலியா?” என்றான்.

வாசலில் டிக்கெட் பார்க்கிற அம்மாள் பாட்டி வயது. ஆடிட்டர் பந்தைக் கையில் ஏந்தி, குமார் எந்தப் பக்கம் வருவார் என்று பணிவாகக் கேட்டான். அந்த அம்மாள் அவன் தோளைத் தொட்டார். “கண்ணு, அந்தப் பையனுக்கு முழங்கையில் ஆபரேஷன் ஆகிவிட்டதே. மே மாதமே போய்விட்டான்.”

டாமி ஜான் ஆபரேஷன். 1974இல் டாக்டர் ஃபிராங்க் ஜோப் அந்தப் பெயருடைய பிட்சருக்கு முதன்முதலாகச் செய்தது. உடம்பில் வேறிடத்திலிருந்து ஒரு தசைநாணை எடுத்து முழங்கையில் பின்னிக் கட்டுவார்கள். திரும்பி வர ஒரு வருஷத்துக்கு மேலாகும். ஹிக்கரியில் ஆறே ஆட்டங்களில் பந்து போட்டுவிட்டு, அதுவும் அபாரமாகப் போட்டுவிட்டு, குமார் கட்டிலில் படுத்துவிட்டார்.

தபால்காரர் அமைதியாக நின்றார். அந்த அமைதி ஆடிட்டருக்குச் சந்தேகம் கொடுத்தது. “உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?”

“பேப்பரில் வந்ததே.”

“எங்ககிட்ட ஏன் சொல்லல?”

“உங்களுக்கும் தெரியும் என்று நினைத்தேன். உங்கள் ஊர்ப் பையன். துக்கம் விசாரிக்கத்தான் இவ்வளவு தூரம் போகிறீர்கள் என்று நினைத்து, நல்ல மனிதர்கள் என்று என் மனைவியிடம்கூடச் சொன்னேன்.”

இதற்குப் பதில் சொல்ல ஆடிட்டரிடம் எக்செல் இல்லை.

வாகனம் நிறுத்துமிடத்துக்குத் திரும்பி, டிக்கியைத் திறந்து புளிசாதத்தில் ஆறுதல் தேடினோம். உள்ளே வெளிச்சாப்பாட்டுக்கு அனுமதி இல்லை என்பதால் எப்படியும் அங்கேதான் சாப்பிட வேண்டும். கம்பிவேலிக்கு அந்தப் பக்கம் ஆட்டக்காரர்கள் உடைமாற்றும் கட்டிடத்திலிருந்து பேட்டிங் பயிற்சிக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். ஒரு பையன் நின்றான். டொமினிக்கன் குடியரசு. அங்கே பதினாறு வயதிலேயே ஒப்பந்தம் போட்டுவிடுவார்கள். இவனுக்கு இருபதுகூட ஆகியிருக்காது. எவர்சில்வர் தூக்கைப் பார்த்து, “அர்ரோஸ்?” என்றான்.

“ஆமாப்பா, அரிசி! அர்ரோஸ்!” என்று கத்தினான் மச்சான், ஸ்பானிஷ் தனக்குத் தெரிந்திருந்தது அந்த நிமிஷம்தான் தெரிந்தவனாக. தட்டில் வைத்துக் கொடுக்க வேலி இடம் தரவில்லை. பையனும் ஆட்டத்துக்கு முன் வேண்டாம் என்று வயிற்றைத் தொட்டுக் காட்டிச் சிரித்தான். ஆனால் போகவில்லை. நாங்கள் சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டு நின்றான். அவன் ஊரில் அரிசியும் மொச்சையும் கறியும் தினம் மதியம் உண்டாம், இங்கே ரொட்டிக்குள் எதையோ வைத்துக் கொடுத்துவிடுகிறார்களாம். கைகால் பாஷையில் இவ்வளவும் சொன்னான். ஆடிட்டர் அவன் அட்டையைத் தேடினான், கிடைக்கவில்லை. மச்சான் சட்டென்று தூக்கின் மூடியைத் துடைத்து, வேலி இடுக்கு வழியாக ஷார்ப்பியோடு நுழைத்தான். அந்தப் பையன் எவர்சில்வரில் கையெழுத்துப் போட்டான். அந்தப் பயணத்தில் கேட்டவனைவிடப் போட்டவனுக்கு அதிகச் சந்தோஷம் கிடைத்தது அப்போதுதான் என்று சொல்ல வந்தேன். இல்லை, பெரும்பாலும் அப்படித்தான் இருந்தது. பெரிய லீகில் பத்து வருஷம் ஆடியவன் கார்க் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போவதில் நியாயம் உண்டு. இவர்களிடம் இன்னும் யாரும் கேட்டிருக்கவில்லை. அதனால் நிதானமாக நின்று, ‘எப்படி எழுதினால் நன்றாயிருக்கும்’ என்று யோசித்துப் போடுகிறார்கள். சிலர் இரண்டு மாதிரி போட்டுக் காட்டி எது தேவலை என்று நம்மிடமே கேட்கிறார்கள்.

ஆடிட்டர் உள்ளே போய் மனம் தேறினான். ஹிக்கரிப் பையன்கள் எல்லோரிடமும் அந்தப் பந்தைச் சுற்றிச் சுற்றிக் கையெழுத்து வாங்கினான். ஸ்வீட் ஸ்பாட்டை மட்டும் கட்டை விரலால் மூடிக்கொண்டே நீட்டினான். “இது ரிசர்வ்டு” என்று எல்லோரிடமும் சொன்னான். மச்சானின் பதாகையும் வீணாகவில்லை. ஏழாவது இன்னிங்ஸில் எல்லோரும் எழுந்து நின்றபோது உயர்த்திப் பிடித்தான். முன்வரிசைத் தாத்தா ஒருவர் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்க, “வெல்லட்டும் கிராடாட்” என்றான் கூசாமல். தாத்தா கண் கலங்கிக் கைகொடுத்தார்.

சனிக்கிழமை ஆஷ்வில். ஓல்டு ஃபோர்ட் தாண்டி மலை ஏறும்போது மச்சான் பேச்சை நிறுத்தினான், நாங்களும் நிறுத்தினோம். மெக்கார்மிக் ஃபீல்டு 1924இல் திறந்த மைதானம், குன்றின் இடுப்பில் இருக்கிறது. ‘புல் டர்ஹம்’ படத்தில் கெவின் காஸ்ட்னர் வந்து போகிற இடங்களில் ஒன்று. இந்த ஊர் அணியின் பெயர் டூரிஸ்ட்ஸ். சொந்த ஊரில் ஆடுகிறவர்களும் பயணிகள், எதிரணியும் பயணிகள், நாங்களும் பயணிகள். அந்த ஊர்க்காரர் என்று அங்கே யாராவது இருந்தார்களா என்பதே சந்தேகம்.

பழைய பேஸ்பால் நட்சத்திரம் பேப் ரூத் 1925 ஏப்ரலில் ரயிலில் வந்து இறங்கி மயங்கி விழுந்தது இதே ஊரில்தான். செத்தே போய்விட்டார் என்று லண்டன் பத்திரிகைகள் வரை செய்தி போயிற்று. ஹாட்டாக் தின்ற அளவு அப்படி என்பது கர்ணபரம்பரை. இதைக் கேட்டும் மச்சான் இரண்டாவது ஹாட்டாக்கைக் கீழே வைக்கவில்லை. “அவருக்குப் பழக்கமில்ல போல” என்றான்.

ரூத்தின் கையெழுத்தைப் பற்றித் தபால்காரர் உருகினார். ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக வாசிக்கலாமாம். மினசோட்டாவின் ஹார்மன் கில்லிப்ரூ என்ற மகான், இளம் ஆட்டக்காரர்களைப் பிடித்து உட்கார வைத்து, “உன் பெயரை நாளைக்கு ஒரு குழந்தை படிக்க வேண்டாமா?” என்கிற ரீதியில் திட்டித் திருத்துவாராம். இன்றைய பையன்கள் ஒரு வளைவு, ஒரு கோடு, கீழே சட்டை நம்பர் என்று முடித்துவிடுகிறார்கள். ஆடிட்டரின் பந்தைச் சுற்றிலும் இப்போது பத்துப் பன்னிரண்டு நூடுல்ஸ். யார் யார் என்று எக்செல்லில் எழுதி வைத்திருந்ததால் தப்பித்தான்.

ஆட்டம் முடிந்தது. எதிரணியின் பஸ் பின்வாசலில் உறுமிக்கொண்டு நின்றது. பஸ்ஸின் பக்கத்தில் அணியின் நிறத்தில் சட்டையும் தொப்பியும் போட்டுக்கொண்டு, தொந்தி சரிய, அறுபது வயதுக்காரர் ஒருவர் தோரணையாக நின்றார். வீரர்கள் ஒவ்வொருவராக அவருக்குத் தலையசைத்து ஏறினார்கள். ஆடிட்டரின் கண் ஜொலித்தது. ஃபிராங்கோனா கதை அவன் மண்டையில் இரண்டு நாளாக வேலை செய்துகொண்டிருந்தது. மேலாளரை எவனும் கேட்க மாட்டான். இன்று யாரோ, நாளை யாரோ!

“சார், தயவுசெய்து” என்று பந்தை நீட்டினான். அவசரத்தில் கட்டை விரலை எடுத்துவிட்டான்.

பெரியவர் பந்தை வாங்கி, கண்ணாடியை நெற்றியிலிருந்து மூக்குக்கு இறக்கி, நிதானமாக ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். நல்ல காலியிடம் ஒன்று கண்ணில் பட்டது. நாலாம் வகுப்பில் கற்ற சேர்த்தெழுத்தில், முழுப்பெயர், தேதி, கீழே ஒரு சுழி. முடித்துக் கொடுத்துவிட்டு, “இத்தனை வருஷத்தில் இதுதான் முதல் தடவை” என்று கைகுலுக்கினார். குலுக்கிவிட்டு ஏறி, ஸ்டியரிங் பின்னால் உட்கார்ந்தார்.

பஸ் போன பிறகும் கொஞ்ச நேரம் ஒருவரும் பேசவில்லை. தபால்காரர் பந்தை வாங்கி விளக்கடியில் பிடித்துப் பார்த்தார். “அழகு! இந்த மாதிரி விலாசம் எழுதியிருந்தால் நான் ஒரு கடிதம்கூடத் தவறாகப் போட்டிருக்க மாட்டேன்” என்றார்.

கன்னாபொலிஸில் சொல்ல அதிகமில்லை. அந்த ஊர் ஒரு காலத்தில் கேனன் மில்ஸ் துண்டுகளுக்குப் பேர்போனது. மைதானத்துக்குப் போகிற வழியில் ஒரு கடையில் துண்டு வாங்கின மச்சான், லேபிளில் இந்தியா என்று போட்டிருந்ததைப் பார்த்துவிட்டான். அதன் பிறகு ஆட்டத்தில் அவன் கவனம் இல்லை. கரூரா, சென்னிமலையா என்று நெசவைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தான். ஆடிட்டர் அன்று யாரிடமும் கையெழுத்து கேட்கவில்லை.

வீடு வந்து சேர்ந்ததும் அவன் மனைவி தூக்கைக் கழுவப் போட்டுவிட்டார். எவர்சில்வர் மேல் ஷார்ப்பி எத்தனை சலவை தாங்கும் என்று தபால்காரரின் பாடத்தில் வரவில்லை. ஒன்றுகூடத் தாங்காது. “கரி மாதிரி ஏதோ ஒட்டியிருந்துச்சு, தேச்சு எடுத்தேன். எங்கடா வெச்சு எடுத்தீங்க?” என்றார். தம்பி அக்காவை ஒரு வாரம் ஏறிட்டுப் பார்க்கவில்லை.

குமார் தேறினார். ஆனால் ஹிக்கரிப் பக்கம் திரும்பவில்லை. டெக்சஸிலேயே இரண்டு படி ஏறி, 2024 செப்டம்பரில் சியாட்டிலில் பெரிய லீகில் முதல் பந்து போட்டார். நாலு இன்னிங்ஸில் ஏழு ஸ்ட்ரைக்அவுட். ஆடிட்டர் வீட்டில் எல்லோரும் கூடிப் பார்த்தோம். மச்சான் டிவியைப் பார்த்து “குமாரூ” என்று கூப்பிட்டதில் பக்கத்து வீட்டு நாய் பதில் கொடுத்தது.

ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஆடிட்டர் அலமாரியிலிருந்து பந்தை எடுத்துவந்து தபால்காரரிடம் கொடுத்து, குமார் எப்போதாவது கிடைத்தால் எந்த இடத்தில் போடச் சொல்லலாம் என்று யோசனை கேட்டான். தபால்காரர் பந்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, “இதோ, டிரைவருக்குக் கீழே கொஞ்சம் இடம் இருக்கிறது” என்றார்.

“டிரைவருக்குக் கீழேயா?”

“முதலில் வந்தவருக்குத்தான் நல்ல சீட். தவிர, இந்தப் பந்தில் உள்ளவர்களில் இத்தனை நாளில் எத்தனை பேர் வேலையை விட்டுப் போனார்களோ! இவர் மட்டும் நிச்சயமாக இன்னும் அதே வேலையில் இருப்பார்.”

ஆடிட்டர் மறுநாள் புதுப் பந்து ஒன்று வாங்கினான். எக்செல்லில் அதைப் பழைய பயணத்தின் கணக்கிலேயே, ‘பஸ் கட்டணம்’ என்ற தலைப்பில் எழுதி, நாலால் வகுத்து, எங்கள் பங்கை அனுப்பச் சொல்லியிருக்கிறான்.